காரணம் பிறகு, சோறு முதலில்

சாப்பிட மறுத்து உருக்குலையும் இளம்பெண்களின் நிலையை ஐரோப்பிய மருத்துவம் ஒரு தனி நோயாகப் பேசத் தொடங்கியது 1873இல். பாரிஸில் சார்ல் லாசேக், லண்டனில் வில்லியம் கல் ஆகிய இருவரும் அந்த ஆண்டில் தனித்தனியே அதை விவரித்தார்கள். கல் சூட்டிய அனரெக்சியா நெர்வோசா என்ற பெயரே நிலைத்தது. அவர் சொன்ன சிகிச்சை எளிமையானது. நேரம் தவறாமல் உணவு கொடுக்க வேண்டும். நோயாளிக்கு விருப்பம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சொந்தக்காரர்களைக் கிட்டே விடக் கூடாது, பராமரிப்பதற்கு அவர்களைவிடப் பொருந்தாதவர்கள் இல்லை. இந்தச் சீட்டின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி பெரும்பாலும் தவறு என்று ஆய்வுகளால் நிறுவ மருத்துவத்துக்கு நூறாண்டுக்கு மேல் ஆனது. இடைப்பட்ட காலத்தில் 'இவள் ஏன் சாப்பிட மறுக்கிறாள்?' என்ற கேள்வி மேலோங்கி, 'இவளை எப்படிச் சாப்பிட வைப்பது?' என்ற கேள்வி செவிலியரின் வேலையாகத் தாழ்ந்திருந்தது. முதல் கேள்வி ஆழமானது போலவும் இரண்டாவது மேலோட்டமானது போலவும் தோன்றுவது இயல்பு. ஆனால் கடந்த நாற்பது ஆண்டுகளின் சான்றுகளைச் சேர்த்துப் படித்தால் வரிசை மாறுகிறது. உணவை ஒழுங்குக்குக் கொண்டுவருவது சிகிச்சைக்கான முன்னேற்பாடு அல்ல. அதுவே சிகிச்சையின் நடுப்பகுதி. மனத்தைப் பற்றிய வேலை அதன் மேல்தான் நிற்க முடியும்.

உண்ணல் கோளாறுகள் என்ற குடையின் கீழ் பல நோய்கள் வருகின்றன. அனரெக்சியாவில் உணவைச் சுருக்கிச் சுருக்கி உடல் ஆபத்தான அளவுக்கு மெலிகிறது. மெலிவைக் கண்டு நோயாளி பயப்படுவதில்லை, எடை கூடுவதைக் கண்டே பயப்படுகிறார். புலிமியாவில் கட்டுப்பாடு இழந்து அளவுக்கு மீறிச் சாப்பிடுவதும், வாந்தி, பேதி மருந்து, பட்டினி ஆகியவற்றால் அதை ஈடுகட்ட முயல்வதும் மாறி மாறி நடக்கும். இதை 1979இல் தனி நோயாக விவரித்தவர் லண்டன் மனநல மருத்துவர் ஜெரால்ட் ரஸ்ஸல். ஈடுகட்டும் முயற்சி இல்லாமல் மிகையுண்ணல் மட்டும் தொடரும் நோயை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு 2013இல்தான் முழு நோயாக ஏற்றது. இவற்றை விடலைப் பருவத்துப் பிடிவாதம் என்று ஒதுக்க இடமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான மதிப்பீட்டின்படி, அதே வயதுப் பொதுமக்களோடு ஒப்பிட்டால் அனரெக்சியா நோயாளிகளின் இறப்பு விகிதம் 5 மடங்குக்கு மேல். அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை.

உணவுக்கு முதலிடம் தருவதற்கான வலுவான ஆதாரம் நோயாளிகளிடமிருந்து வரவில்லை. நல்ல உடல்நலத்தோடு இருந்த ஆண்களிடமிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக, மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் ஒரு பரிசோதனை நடத்தினார். மனச்சாட்சியின் பேரில் படையில் சேர மறுத்த 36 இளைஞர்கள் முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. ஏறத்தாழ கால்பங்கு எடையை இழந்தார்கள். மனநலம் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இவர்கள், பட்டினி முற்ற முற்ற எப்போதும் உணவைப் பற்றியே நினைத்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு வேளைச் சாப்பாட்டை மணிக்கணக்கில் இழுத்தார்கள், எரிந்து விழுந்தார்கள், சோர்ந்து, நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். பட்டினி முடிந்த பிறகு சிலர் அடங்காமல் உண்டார்கள். வயிறு நிறைந்தும் பசி தீரவில்லை. அனரெக்சியா நோயாளியின் குணம் என்று குடும்பமும் மருத்துவரும் கருதுவதில் பெரும்பகுதி, பட்டினி எந்த மனிதரிடமும் உண்டாக்கும் விளைவு என்பதை இது காட்டியது. இதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த இளைஞர்கள் சாப்பிடத் தவித்தார்கள். அனரெக்சியா நோயாளி சாப்பாட்டுக்கு அஞ்சுகிறார். ஆகவே பட்டினி எல்லாவற்றையும் விளக்கிவிடாது. ஆனால் பட்டினியில் கிடக்கும் மனத்தோடு அதன் பட்டினியைத் தீர்க்காமல் பேசுவதால் பயன் மிகக் குறைவு என்ற முடிவுக்கு இதுவே போதும்.

முதல் படி உடலின் பாதுகாப்பு. நாடித்துடிப்பு மிகவும் குறைந்தவர்கள், எழுந்து நின்றால் மயங்குபவர்கள், ரத்தத்தில் பொட்டாசியம் சரிந்தவர்கள் ஆகியோருக்கு மருத்துவமனை வார்டு தவிர வேறு வழியில்லை. அங்கேயும் ஓர் ஆபத்து காத்திருக்கிறது. நெடும்பட்டினிக்குப் பிறகு உணவு உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பேட் உயிரணுக்களுக்குள் இழுக்கப்படுகிறது. ரத்தத்தில் அதன் அளவு சட்டென்று விழுந்தால் இதயமும் மூச்சும் தடுமாறும். போர் முடிந்து விடுவிக்கப்பட்ட கைதிகளிடம் இந்த விபரீதம் காணப்பட்டது. எனவே பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றை அடிக்கடிச் சோதித்து, தையமின் கொடுத்துக்கொண்டே உணவை ஏற்ற வேண்டும். இதை வீட்டில் குடும்பத்தார் தாமாகச் செய்யக் கூடாது. அதே சமயம், இந்தப் பயத்தால் நோயாளியை வாரக்கணக்கில் அரைவயிற்றில் வைத்திருந்த பழைய வழக்கமும் மாறிவருகிறது. அமெரிக்காவில் 120 இளையோரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், கண்காணிப்போடு அதிக உணவில் தொடங்கியவர்கள் விரைவாக நிலைப்பட்டார்கள். தாது உப்புக் கோளாறு கூடவில்லை. எவ்வளவு காலம் மருத்துவமனையில் இருப்பது என்ற கேள்விக்கும் விடை மாறியிருக்கிறது. ஜெர்மனியில் 172 வளரிளம் பெண்களை, மூன்று வார உள்நோயாளிச் சிகிச்சைக்குப் பிறகு இரு பிரிவாக்கினார்கள்: ஒரு பிரிவு வார்டிலேயே தொடர்ந்தது, மற்றது பகலில் மருத்துவமனை, இரவில் வீடு. ஓராண்டு கழித்து இரண்டாவது பிரிவு எந்த வகையிலும் பின்தங்கவில்லை என்று 2014இல் முடிவு வெளியானது. மருத்துவமனை உயிரைக் காக்கும் இடம்; குணம் அடையும் இடம் பெரும்பாலும் வெளியே இருக்கிறது.

அந்த வெளி எது என்பதில்தான் வில்லியம் கல் சொன்ன சிகிச்சையின் இரண்டாம் பாதி வீழ்ந்தது. அவருக்குப் பின் பல தலைமுறை மருத்துவர்கள் தாயின் அடக்குமுறையை, தந்தையின் விலகலை, குடும்பத்தின் முறுக்கைக் காரணமாகக் கண்டு, பிள்ளையைப் பிரித்து வைத்தார்கள். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ரஸ்ஸல், கிறிஸ்டோபர் டேர், ஐவன் ஐஸ்லர் முதலியோர் எதிர்த்திசையில் போனார்கள். உள்நோயாளியாக எடை தேறி வீடு திரும்பிய 80 பேரைக் கொண்டு அவர்கள் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வில், 19 வயதுக்கு முன் நோய் தொடங்கி, மூன்றாண்டுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களுக்குத் தனிநபர் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சை மேலான பலன் தந்தது. ஐந்தாண்டு கழித்தும் அந்த வித்தியாசம் நீடித்தது. இதன் முறை நேரடியானது. நோய் யாருடைய தவறும் அல்ல என்பது முதல் பாடம். எதை, எப்போது, எவ்வளவு சாப்பிடுவது என்ற பொறுப்பைப் பெற்றோர் தற்காலிகமாகத் தங்கள் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். எடை தேறிய பிறகு அந்தப் பொறுப்பு படிப்படியாகப் பிள்ளையிடம் திரும்புகிறது. கடைசியில்தான் வளரும் வயதின் மற்றச் சிக்கல்கள் பேசப்படுகின்றன. ஸ்டான்ஃபோர்டிலும் சிகாகோவிலும் 121 வளரிளையோரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், சிகிச்சை முடிந்து ஓராண்டு கழித்து முழுக் குணம் அடைந்திருந்தவர்கள் குடும்பச் சிகிச்சைப் பிரிவில் 49 விழுக்காடு, தனிநபர் சிகிச்சைப் பிரிவில் 23 விழுக்காடு.

குடும்பமே புண்ணாக இருக்கும் வீட்டில் இது எப்படிப் பொருந்தும் என்ற மறுப்பு நியாயமானது. அடியும் வன்முறையும் உள்ள வீட்டுக்கு இது பொருந்தாது. கடிந்து பேசும் பழக்கம் மிகுந்த வீடுகளில் எல்லோரையும் ஒரே அறையில் உட்காரவைப்பது பலனைக் குறைக்கும் என்றும் மாட்ஸ்லி குழுவினரே கண்டார்கள். அதற்கு விடையும் உண்டு. மெல்போர்னில் 107 வளரிளையோரின் குடும்பங்களிடம் நடந்து 2016இல் வெளியான ஆய்வில், பிள்ளையை அழைக்காமல் பெற்றோரை மட்டும் சந்தித்து வழிகாட்டிய முறை, சிகிச்சை முடிவில் 43 விழுக்காட்டினரைக் குணப்படுத்தியது. எல்லோரும் சேர்ந்து அமர்ந்த முறையில் அது 22 விழுக்காடுதான். அதட்டலும் கெஞ்சலும் அழுகையும் கலந்து ஊட்டுவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. இந்தச் சிகிச்சை அதுவல்ல. பெற்றோருக்குள் ஒரே பேச்சு, பழிசொல்லாத உறுதி, முடிக்கும்வரை கூடவே உட்காரும் பொறுமை ஆகியவற்றை அது பயிற்சியாகக் கற்றுக்கொடுக்கிறது. இந்திய மனநல மருத்துவத்துக்கு இது அந்நியமும் அல்ல. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர், நோயாளிகளின் குடும்பத்தார் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்குவது நெடுங்கால வழக்கம். மேலை மருத்துவம் சுற்றிவளைத்து வந்துசேர்ந்த இடத்தில் நாம் ஏற்கெனவே நின்றிருக்கிறோம்.

வயது வந்தவர்களின் அனரெக்சியாவில் இவ்வளவு தெளிவு கிடையாது. ஜெர்மனியில் 242 பெண்களிடம் மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்டு 2014இல் வெளியான பெரிய ஆய்வில் மூன்று பிரிவினருக்கும் எடை கூடியது. சிகிச்சை முடிவில் எதுவும் மற்றதை வெல்லவில்லை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 56 பெண்களிடம் நடந்து 2005இல் வெளியான ஆய்வு இன்னும் சுவையானது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, உறவுகளை மையமாகக் கொண்ட சிகிச்சை ஆகிய இரண்டையும் சோதிப்பதற்காக, ஒப்பீட்டுக்கு ஒரு சாதாரணச் சிகிச்சையை வைத்தார்கள்: உணவு பற்றிய ஆலோசனை, எடைக் கண்காணிப்பு, ஆதரவான பேச்சு. சிகிச்சை முடிவில் முன்னால் நின்றது அந்தச் சாதாரணச் சிகிச்சையே. பிந்தைய ஆண்டுகளில் வித்தியாசம் மறைந்துவிட்டது என்றாலும், கோட்பாடு பெரிதாக இல்லாத, உணவை விட்டு விலகாத ஒரு முறை நுட்பமான முறைகளுக்கு இளைத்ததல்ல என்பது உறுதியானது. பிரிட்டனின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி, பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கும் மூன்று முறைகளில் அதையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

புலிமியாவிலும் மிகையுண்ணலிலும் உணவின் ஒழுங்கு வேறு வகையில் மருந்தாகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் வளர்த்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, நோயாளிக்குச் சாப்பாட்டைக் குறைக்கச் சொல்வதில்லை. நாளுக்கு மூன்று வேளையும் இடைப்பலகாரமும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்கிறது. பகல் முழுவதும் வயிற்றைக் காயப்போடுவதே இரவின் கட்டற்ற உண்ணலுக்கு வழிவிடுகிறது. அந்தச் சங்கிலியை அறுப்பதே முதல் வேலை. தொடக்கத்திலிருந்தே உண்டதை எழுதிவைப்பது, பிறகு தவிர்க்கும் உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பது, எடையைக் கொண்டே தன்னை மதிப்பிடும் பழக்கத்தைக் கேள்விக்கு உட்படுத்துவது என்று 20 அமர்வுகள் போகின்றன. மிதமான நிலையில் உள்ளவர்களுக்கு, இதே முறையில் எழுதப்பட்ட கையேட்டை வைத்துக்கொண்டு சிறிது வழிகாட்டுதலோடு தாமே பயிலும் முறையும் பலன் தருகிறது. சிகிச்சையாளர்கள் குறைவான நாடுகளுக்கு இது முக்கியமான செய்தி.

மருந்துகளின் இடம் சிறியது. ஃபுளுவோக்செட்டின் மன அழுத்தத்துக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவில் புலிமியாவுக்கு உதவுகிறது என்று 387 பேரிடம் நடந்த ஆய்வு 1992இல் காட்டியது. அதே மருந்து, எடை தேறிய அனரெக்சியா நோயாளிகள் மறுபடி சரியாமல் காக்குமா என்று 93 பேரிடம் சோதித்தபோது, 2006இல் கிடைத்த விடை 'இல்லை' என்பது. ஒலான்சபின் என்ற மருந்து அனரெக்சியாவில் எடையைச் சற்றுக் கூட்டுகிறது. எடை பற்றிய பயத்தைத் தணிப்பதாகத் தெரியவில்லை. மிகையுண்ணலுக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் என்ற மருந்தை அமெரிக்கா 2015இல் ஏற்றது. அனரெக்சியாவை மருந்தால் மட்டும் குணப்படுத்த முயலக் கூடாது என்பதில் வழிகாட்டிகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு, இது நோயின் வேரை விட்டுவிட்டு இலையைக் கிள்ளுவது என்பது. இதைச் சோதித்தவர்கள் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள். புலிமியா உள்ள 70 பேரில் ஒரு பிரிவுக்கு ஐந்து மாதத்தில் 20 அமர்வு நடத்தைச் சிகிச்சை. மற்றொரு பிரிவுக்கு இரண்டாண்டு வாராந்தர உளப்பகுப்பாய்வு. ஆய்வை நடத்தியவர்களே அந்த உளப்பகுப்பாய்வு முறையை வகுத்தவர்கள் என்பதால் ஓரவஞ்சனை என்று சொல்ல முடியாது. ஐந்து மாத முடிவில் மிகையுண்ணலும் வாந்தியும் நின்றவர்கள் முதல் பிரிவில் 42 விழுக்காடு, இரண்டாவதில் 6. இரண்டாண்டு முடிவில் 44, 15. காரணங்களைத் தேடுவது வீண் என்று இதற்குப் பொருளில்லை. ஏறத்தாழ 17,000 நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து 2019இல் வெளியான ஆய்வு, அனரெக்சியாவின் வேர் மனத்தில் மட்டுமின்றி உடலின் வளர்சிதை மாற்றத்திலும் ஓடுவதாகக் காட்டியது. நோயைத் தொடங்கிவைத்தது ஒன்று, அதைத் தொடரவைப்பது வேறொன்று. தொடரவைப்பதை அறுக்க, தொடங்கிவைத்ததைக் கண்டுபிடித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதிர்ச்சி, மன அழுத்தம், தன்வெறுப்பு ஆகியவற்றுக்கான சிகிச்சை அவசியம். ஆனால் வயிறு நிறைந்த மூளைக்கே அது எட்டும்.

இரண்டாம் மறுப்பு தன்னுரிமை பற்றியது. வேண்டாம் என்பவருக்கு உணவைத் திணிப்பது வன்முறை அல்லவா? உயிராபத்து இல்லாதபோது கட்டாயம் தவறு. கட்டாயத்தால் எழும் அவமானம் நோயாளியைச் சிகிச்சையிலிருந்து விரட்டவும் கூடும். ஆனால் பட்டினி மனத்தையே மாற்றிவிடும் என்பதை மினசோட்டா பரிசோதனை காட்டிவிட்டது; மறுப்பவரின் மறுப்பிலும் அதன் கை இருக்கக்கூடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், தங்களுக்குச் சேர்க்கை தேவையில்லை என்று சொன்ன நோயாளிகளில் கணிசமானோர் இரண்டே வாரத்தில் மனம் மாறி, தேவைதான் என்றார்கள். எனவே உயிர் ஊசலாடும்போது முடிவை மற்றவர்கள் கையில் எடுப்பதும், உடல் தேறத் தேற அதைத் திருப்பிக் கொடுப்பதும் தன்னுரிமையை மீட்டுத்தரும் வழியாகவே அமைகின்றன. திருப்பிக் கொடுக்க மறந்தால்தான் அது ஆதிக்கமாகிறது.

மூன்றாம் மறுப்பு நம்மிடையே பரவலானது: இது வெள்ளைக்காரப் பெண்களின் வசதிக்கார நோய். தொலைக்காட்சி 1995இல்தான் வந்துசேர்ந்த ஃபிஜியின் ஒரு பகுதியில், மூன்றே ஆண்டில் பள்ளி மாணவிகளிடம் எடை குறைப்பதற்காக வாந்தி எடுக்கும் பழக்கம் இல்லாத நிலையிலிருந்து 11 விழுக்காடாக உயர்ந்ததை ஆன் பெக்கர் பதிவு செய்தார். ஹாங்காங்கில் சிங் லீ 1993இல் விவரித்த 70 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் குண்டாகிவிடும் பயத்தைச் சொல்லவே இல்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை என்றுதான் சொன்னார்கள். டெல்லி மருத்துவர்கள் 1995இல் விவரித்த ஐந்து இளம்பெண்களும் உண்ண மறுப்பு, ஓயாத வாந்தி, மெலிவு, மாதவிடாய் நிற்பது ஆகியவற்றோடு வந்தார்கள். உடல் தோற்றம் பற்றிய பேச்சு இல்லாததால் நோயை இனங்காண்பது கடினமாயிற்று. நம் ஊரிலும் இப்படிப்பட்ட பெண் முதலில் போவது குடல் மருத்துவரிடமும் மகப்பேறு மருத்துவரிடமும்தான். எண்டோஸ்கோப்பியில் எதுவும் இல்லை என்றால் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். விரதம், வயிற்றுக்கோளாறு, பிசிஓடிக்கான டயட் என்று ஏதோ ஒரு மரியாதையான பெயருக்குள் நோய் ஒளிந்துகொள்ள முடிகிறது. ஆண்களுக்கும் பருமனான உடல் உள்ளவர்களுக்கும் இது வரும். அவர்கள் மெலிந்தால் பாராட்டும், மிகையாக உண்டால் ஏச்சும் கிடைப்பதால் சிகிச்சை மேலும் தாமதமாகிறது.

குணமாவது என்றால் என்ன? எடை தேறுவது மட்டும் குணமல்ல. எடை தேறாமல் குணமும் இல்லை. தேறிய பிறகும் பயம் பல மாதம் பின்தங்கி நிற்கும். முதலாண்டில் மறுபடி சரிவது சகஜம் என்பதால் பின்தொடர்தல் சிகிச்சையின் பகுதியாக இருக்க வேண்டும். அவநம்பிக்கைக்கு மிகச் சிறந்த பதில், பாஸ்டனில் பெண் நோயாளிகளை இரண்டு பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து 2017இல் வெளியான ஆய்வு. ஒன்பது ஆண்டு முடிவில் அனரெக்சியாவிலிருந்து மீண்டவர்கள் 31 விழுக்காடு; 22 ஆண்டு முடிவில் 63 விழுக்காடு. புலிமியாவில் இரண்டு கட்டத்திலும் 68. ஒன்பதாம் ஆண்டில் இனி தேறமாட்டார் என்று கைவிடப்பட்டிருக்கக்கூடியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிற்பாடு மீண்டார்கள். ஆகவே ஒரு சிகிச்சை தோற்றால் தோற்றது அந்தச் சிகிச்சை, நோயாளி அல்ல. குடும்பச் சிகிச்சையில் பாதிப்பேர் முழுமையாகக் குணமாவதில்லை என்ற உண்மையையும் இந்தக் கணக்கோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

இவற்றிலிருந்து நமக்குப் பெறப்படுவது, பெரிய நகரத்தில் ஒரு சொகுசு மையம் அல்ல. பள்ளியிலும் பொது மருத்துவரிடத்திலும் சீக்கிரம் இனங்காண்பது, குழந்தை மருத்துவர், மனநல மருத்துவர், டயட்டீஷியன் மூவரும் ஒரே பேச்சில் நிற்பது, பெற்றோருக்குப் பயிற்சி தருவது ஆகிய மூன்றும் மாவட்ட மருத்துவமனை அளவிலேயே இயலக்கூடியவை. மனநோய்ச் சிகிச்சைக்கு உடல்நோய்க்கு இணையான காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் முதல் ஆலோசனையைத் தமிழிலேயே பெறலாம். சிகிச்சை தேடும் குடும்பம் எந்த மருத்துவரிடமும் நான்கு கேள்விகள் கேட்கலாம்: ரத்தச் சோதனையும் இதயச் சோதனையும் செய்கிறீர்களா? எடையைத் தொடர்ந்து கவனிக்கிறீர்களா? அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறீர்களா? எடை தேறிய பிறகும் பார்ப்பீர்களா? இந்த நான்குக்கும் ஆம் என்பவர் எந்தக் கோட்பாட்டைப் பின்பற்றினாலும் பெரிய தவறு நேராது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாதவர், நோயின் காரணத்தை எவ்வளவு அழகாக விளக்கினாலும், சிகிச்சையை இன்னும் தொடங்கவில்லை.